பள்ளிக் கட்டணத்துக்குத் தாலி சாட்சியா?

கேள்வி: நானும் என் துணைவரும் திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழ்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. 2025-26இல் அவளுடைய கல்விக் கட்டணம் 42,000 ரூபாய். நான் 24,000 கட்டினேன், மீதியை அவர் கட்டினார். வரிக் கழிவு கேட்டால் அலுவலகக் கணக்குப் பிரிவில் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ராயபுரம்

பதில்: சகோதரி, அதைக் கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு பார்ப்பது இரண்டைத்தான்: குழந்தை உங்களுடையதா, பணம் கட்டியது நீங்களா. பெற்றோருக்குள் என்ன உறவு என்று அது கேட்பதில்லை. பிறப்புச் சான்றிதழைக் கொடுங்கள், போதும்.

ஜூன் பிறந்தால் என் மேசையில் பள்ளி ரசீதுகள் குவியும். காசிமேடு, தண்டையார்பேட்டைப் பெண்கள் கொண்டுவருவதில் பல, அப்பா பெயருக்கே போடப்பட்டவை. பணம் போனதோ அம்மாவின் கணக்கிலிருந்து. 'அவர் பெயர்தானே இருக்கிறது' என்று உரிமையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. உங்கள் ரசீதும் அப்படியென்றால், தொகை கழிந்த பாஸ்புக் பக்கத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். ரசீதில் கல்விக் கட்டணம் என்ற வரி மட்டுமே கணக்கில் வரும். வளர்ச்சி நிதி, நன்கொடை, வேன் கட்டணம் வராது.

நீங்கள் 24,000, அவர் 18,000 என்று தனித்தனியே காட்டலாம். ஒரே ரூபாயை இருவரும் காட்டக் கூடாது. வருங்கால வைப்பு நிதி, எல்ஐசி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பழைய வரி முறையில் மட்டுமே இந்தக் கழிவு உண்டு. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைக்குள் போய்விடுவீர்கள், கவனம்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், 80டி-யில் மகளுக்கான பிரீமியத்தைக் காட்டலாம். துணைவருக்கானதைக் காட்ட முடியாது, அங்கே சட்டம் கணவன் மனைவியைத்தான் குறிப்பிடுகிறது. மகள் பெயரில் வைப்புத்தொகை இருந்தால் அதன் வட்டி, பெற்றோரிடையே மண உறவு இல்லாதபோது, அவளைப் பராமரிப்பவரின் வருமானத்தில் சேரும். அதில் 1,500 ரூபாய் வரை பழைய முறையில் விலக்கு.

கணக்குப் பிரிவு பிடிவாதம் பிடித்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஜூலை 31க்குள் நீங்களே பழைய முறையில் கணக்குத் தாக்கல் செய்து கழிவைக் கோருங்கள். கூடுதலாகப் பிடித்த வரி வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும்.