டீசல் பிக்கப்பில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடுகிறதே, போலி ஆயிலா? வீட்டிலேயே நானே மாற்றிக்கொள்ளலாமா?

கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆயில் போலி என்று முடிவுகட்டாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றி ஒரு லோடு போய் வந்தாலே டிப் ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) கறுப்பாகத்தான் வரும். நீங்களே மாற்றலாமா என்றால், வாரண்டி முடிந்த வண்டியாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனி சர்வீஸிலேயே விட்டு பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் காய்கறி ஏற்றுகிற பிக்கப் என்னுடையது. ஆயில் மாற்றும் வேலையை நான் வெளியே விடுவதில்லை.

முதலில் கறுப்பு விஷயம். டீசல் எரியும்போது கரித்தூள் உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஈஜிஆர் உள்ள வண்டிகளில் புகையின் ஒரு பங்கு மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே போவதால் கரி இன்னும் கூடும். இந்தக் கரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்க வைப்பதற்காகவே ஆயிலில் டிஸ்பெர்சன்ட் என்ற மருந்து சேர்க்கிறார்கள். கறுத்த ஆயில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். தவிர, எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் ஆயில் கூலரிலும் உள்துளைகளிலும் பழையது கொஞ்சம் தங்கிவிடும். புது ஆயிலின் நிறத்தை மாற்ற அதுவே போதும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் டீசலுக்கு வரும்போது பயப்படுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

நிறத்தை விட்டுவிட்டு மட்டத்தைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்குமுன், சமதளத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மட்டம் குறைந்தால் எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது ஏறுவதுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகளில் சைலன்ஸர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கும். அதில் கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே சூடேற்றி எரித்துவிடும். அதற்காகப் பல வண்டிகளில் வழக்கத்தைவிடத் தாமதமாக, கூடுதலாகக் கொஞ்சம் டீசல் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஊருக்குள்ளேயே கடைகடையாக நின்று நின்று ஓடுகிற வண்டியில் எரிப்பு பாதியில் இருக்கும்போதே சாவியை அணைத்துவிடுவோம். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து எரிக்கும், மறுபடி டீசல் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்கிலும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலும் உராயும் பாகங்களுக்கு இடையில் நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது அந்த ஆயில் படலம்தான். ஆகவே மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, மோந்து பார்த்தால் டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். டிபிஎஃப் விளக்கு எரியும்போது அடுத்த டெலிவரியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, கையேட்டில் சொன்ன வேகத்தில் நல்ல ரோட்டில் ஓட்டி அதை முடிக்க விடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சொட்டுச் சோதனை இருக்கிறது. சூடான ஆயிலில் ஒரு சொட்டை உறிஞ்சும் தாளில் விட்டு ஓர் இரவு வையுங்கள். நடுவில் கறுப்பாக இருந்து வெளியே போகப்போக மெதுவாக வெளுத்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் மட்டும் கெட்டியாக, ஓரம் வெட்டினதுபோல் நின்றுவிட்டால் கரியைத் தாங்கும் மருந்து தீர்ந்துவிட்டது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்தாலோ, வடித்த ஆயிலில் மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தாலோ விஷயம் வேறு. முன்னதில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர்) கலந்திருக்கலாம், பின்னதில் பேரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஆயில் வாங்கும்போது பிராண்டைவிடக் கையேட்டில் உள்ள குறியீடு முக்கியம். பழைய வண்டிகளுக்கு 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஏபிஐ சிஐ-4 (அமெரிக்க அமைப்பின் தரக் குறியீடு) என்று போட்டிருக்கும். டிபிஎஃப் உள்ளவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும், ஏபிஐயில் சிகே-4, அல்லது ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் சி வரிசை. கரியை வடிகட்டி எரித்துவிடும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். சிகே-4 தரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே இருக்கிறது. வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று பழைய வண்டியின் ஆயிலைப் புது வண்டியில் ஊற்ற வேண்டாம். போலிக்குப் பயந்தால் கம்பெனி டீலரிடம் வாங்குங்கள், மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். காலி கேனை எடைக்குப் போடுமுன் கத்தியால் கிழித்துவிடுங்கள். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு நல்ல கேன்தான் முதல்.

மாற்றுவது சிரமமில்லை. இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் கரியோடு சேர்ந்து வடியும், கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. பிக்கப்பின் உயரத்துக்குத் தூக்காமலே கீழே போய்விடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். அதன் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம். மரை கழன்று சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போனால் செலவு அற்பமில்லை, அதனால் கையால் முறுக்கி ஏற்றிய பிறகே ஸ்பானரை வையுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்து, அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். கையேட்டில் சொன்ன அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரில் கால் வைக்கக்கூடாது, ஏனென்றால் டர்போவுக்கு இன்னும் ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது. உள்ளே டீசல் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பார்கள் சிலர். வேண்டாம், அந்த டீசலில் மிஞ்சியது புது ஆயிலோடுதான் சேரும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? கையேட்டில் இருக்கும் எண் சாதாரண ஓட்டத்துக்கானது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, லோடோடு ஏறினால் பாதித் தூரம் இரண்டாம் கியர்தான். அதே கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு எண் இருக்கும், நம் வேலைக்கு அதுதான் பொருந்தும். மார்க்கெட் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் நேரமும் ஓடோமீட்டரில் ஏறாது. ஃபோர்டு கம்பெனி தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடச் சொல்கிறது. நம் வண்டிக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், நிற்கிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது என்பதற்கு அதுவே போதும்.

வடித்த ஆயிலைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். கரையானுக்கு நல்லது என்று தென்னை அடியில் ஊற்றுவதை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனசு கேட்கவில்லை. அந்த மண்ணும் அடுத்த கிணறும் கெடும். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருப்பதால் கையுறை போட்டே வேலை செய்யுங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் சேர்ந்ததுதான். காலி கேன் ஒன்றில் பிடித்து, பேரலில் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடித்து அதோடு சேர்த்தே கொடுங்கள்.