கேளுங்கள், சொல்கிறோம்: பட்டா புத்தகமும் கியூஆர் கோடும்

கேள்வி: ரோந்து போலீசார் வந்து போனதற்கு அடையாளமாக, அந்தந்த இடத்தில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட காலம் போய், அங்கே ஒட்டிய கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்யும் முறை வந்துவிட்டது. இப்படிப்பட்ட புதுமுறைகள் ஊர்விட்டு ஊர் எப்படிப் பரவுகின்றன? – வாசகர், கூடலூர்

பதில்: மாநிலத்துக்குள் என்றால் மேலிடத்து உத்தரவு ஒன்று போதும். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் தொடங்கிய, பொதுமக்கள் போலீசாருக்கு உதவும் 'காவல்துறை நண்பர்கள்' திட்டம் மறு ஆண்டே தமிழகம் முழுக்கப் போனது. சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020-ல் அதே வேகத்தில் தடையும் வந்தது. மாநில எல்லை தாண்டுவதுதான் கஷ்டம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் பக்கத்து மாநிலம் செய்வதை நாமும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கோழிக்கோட்டில் மகளிர் காவல் நிலையம் திறந்தது 1973-ல். சென்னை ஆயிரம்விளக்கில் 1992-ல். உங்கள் கூடலூரில் பஸ் ஏறினால் அரை நாளில் கோழிக்கோடு. யோசனை வந்து சேர 19 வருடம்!

கேள்வி: சமவெளியில் சரியாக ஓடும் கியூஆர் ரோந்து எங்கள் எஸ்டேட் பக்கம் ஏன் சொதப்புகிறது? – வாசகி, கோத்தகிரி

பதில்: அங்கே போட்ட கணக்கை இங்கே அப்படியே கொண்டுவருவதால்தான். முதலில் ஸ்டிக்கர். லேமினேஷன் ஓரத்தில் ஈரம் இறங்கினால் கோடு ஊறிப்போகும். உலோகத் தகட்டில் அச்சடித்து, கூரை இறவாணத்துக்குக் கீழே நெஞ்சு உயரத்தில் பொருத்த வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் பளபளப்பில் கேமரா திணறும். பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

அடுத்தது சிக்னல். பதிவு போனிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் தானாக ஏறும்படி செயலி இருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே ஸ்கேன் செய்யும் பழக்கம் வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் ஜிபிஎஸ் சரிபார்ப்பு. ஆனால் செங்குத்துச் சரிவிலும் மரக்கூட்டத்திலும் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும். ஸ்கேன் செல்லுபடியாகும் அனுமதி வட்டத்தை ரொம்பக் குறுக்கினால், நேர்மையாக நடந்தவருக்கும் 'வரவில்லை' என்று விழும். ஒவ்வொரு இடத்திலும் நேரில் நின்று பார்த்து வட்டத்தை வைப்பதே சரி.

நேரக் கணக்கும் மாற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் சமவெளிக் கிலோமீட்டர் எடுபடாது. ஒரு ரவுண்டுக்கான இடங்களைக் குறையுங்கள். தினமும் வரிசையை மாற்றுங்கள், திருடனுக்கும் கடிகாரம் உண்டு. வழியில் காட்டெருமை நின்றால் காரணம் எழுத செயலியில் ஒரு கட்டம் வேண்டும். நகரத்துக்காக எழுதிய செயலியில் அதை யார் யோசித்திருப்பார்கள்?