காற்று பிடித்த குழாய்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிக்கு அருகே எங்கள் ஹட்டி, அதாவது சிற்றூர். மேலே சோலையோரம் ஓர் ஊற்று. அங்கிருந்து வீட்டுத் தொட்டிக்கு ஒரு அங்குலக் கறுப்பு பைப் போட்டிருக்கிறோம், 400 மீட்டர். இறக்கம் 40 அடி. வழியில் மூன்று மேடு. முதல் மேடு 150-ஆவது மீட்டரில் ஒரு பாறை முதுகு. ஊற்றைவிட ஆறேழு அடிதான் தாழ்வு. நன்றாக வரும்போது 15 லிட்டர் வாளி முக்கால் நிமிடத்தில் நிரம்பும். தொட்டி நிறைந்ததும் கீழே வால்வை மூடிவிடுவோம். நாலைந்து நாளில் வரத்து விரல் தடிமனாகி, ஊசியாகி, நின்றுவிடும். ஊற்றிலோ தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அப்பா "காத்து பிடிச்சிருச்சு" என்று பாறைமேல் உள்ள ஜாயின்ட்டைக் கழற்றி மாட்டுவார், வந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் "ஒன்றரை இஞ்ச் போடு, ஃபோர்ஸ் வரும்" என்கிறார். பிளம்பர் மோட்டார் வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

கூடவே இரண்டு சந்தேகம். இங்கே பருப்பு வேகக் குக்கரில் ஏன் கூடுதல் விசில்? மூடுபனியும் தண்ணீர்தானே, அது ஏன் கீழே விழுவதில்லை?

ஒரு வாசகன், கோத்தகிரி

*

அன்புள்ள தம்பி,

கடைசி இரண்டையும் முதலில் கழித்துவிடுகிறேன். குக்கர் குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் தன் பங்கைச் சேர்க்கும், அவ்வளவுதான். 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். குக்கருக்குள் 120-க்குப் பதில் 116 வரைதான் ஏறும். கோத்தகிரியில் இந்த வித்தியாசம் சற்றுக் குறைவு. உங்கள் கூடுதல் விசில் அந்த நாலு டிகிரிக்கான கூலி. மூடுபனியோ விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று அதைவிட வேகமாகத் தூக்கிவிடும். முடிந்தது.

என்னை எழுத உட்காரவைத்தது "ஃபோர்ஸ்" என்ற அந்தச் சொல். இதைப்பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஃபோர்ஸ் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்: அழுத்தம், வேகம், வரத்து. ஓஸ் முனையைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரத்துப் பூச்செடிவரை பாய்கிறது. "பார், ஃபோர்ஸ்!" கூடியது வேகம். அதே ஓஸை வாளியில் விட்டுப் பாருங்கள், முன்னைவிட மெதுவாக நிரம்பும். வரத்து குறைந்துவிட்டது.

அழுத்தத்தின் கதை வேறு. கீழே வால்வை மூடிவிட்டால் 40 அடி இறக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ கொடுக்கும். பைப் அரை அங்குலமானாலும் ஆறு அங்குலமானாலும் அதே 1.2தான். பைக்காராத் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இறங்கி வருகிறது. அங்கே குழாயின் அடியில் 90 கிலோவுக்கு மேல் அழுத்தம் நிற்பது அந்த உயரத்தால். குழாயின் பருமன் முடிவு செய்வது, ஓடும்போது அந்த உயரத்தில் எவ்வளவை உராய்வு தின்னும் என்பதை. ஒரே சரிவில் அரை அங்குலக் குழாய் தருவது ஒரு அங்குலம் தருவதில் ஆறில் ஒரு பங்கு. நாலில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டவர்கள்தான் பிறகு பிளம்பரைத் திட்டுகிறார்கள்.

உங்கள் பைப்பில் கோளாறு உராய்வு மட்டுமல்ல. ஒரு அங்குலம், 400 மீட்டர், 40 அடி: கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 20 லிட்டர் சொச்சம். நீங்கள் சொல்லும் முக்கால் நிமிட வாளியும் அதேதான். ஆக, நல்ல நாளில் குழாய் தன்னால் முடிந்ததை முழுதாகக் கொடுத்துவிடுகிறது. நாலு நாளில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் அப்பா பதில் சொல்லிவிட்டார். நீங்கள்தான் நம்பவில்லை, என்னிடம் கேட்கிறீர்கள்.

காற்று பிடிப்பது என்றால் கல் அடைப்பதுபோல் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். காற்று விலகக்கூடியதுதானே, தண்ணீர் தள்ளிக்கொண்டு போகாதா என்று கேட்பார்கள். மேடு ஏறும்போது தண்ணீர் உயரத்தைச் செலவு செய்கிறது. இறங்கும்போது அதைத் திரும்பப் பெறுகிறது. நீர் நிறைந்த குழாயில் இந்த வரவு செலவு நேராகிவிடும், மேடு இருந்ததே தெரியாது. இறக்கத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால்? காற்றுக்கு எடையே இல்லாத மாதிரிதான். அது நிற்கும் உயரம் திரும்ப வராது. முதல் மேட்டின் இறக்கத்தில் செங்குத்தாக 15 அடிக்குக் காற்று, இரண்டாவதில் 13, மூன்றாவதில் 13 என்று வையுங்கள். மொத்தம் 41. உங்களிடம் இருப்பதே 40. ஊற்று நிறைந்து வழிய, தொட்டியில் ஒரு சொட்டு விழாது. எந்த இடத்திலும் எதுவும் அடைத்திருக்காது.

இதை நம்பாதவர்கள் கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூபைப் பார்க்கலாம். வேலை தொடங்கும் முன் அவர் டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழை வெளியேற்றுவது ஏன்? நிமிர்ந்து நிற்கும் பகுதியில் விரலளவு குமிழ் இருந்தால் அந்தப் பக்க மட்டம் விரலளவு ஏறிக் காட்டும், கட்டும் சுவர் கோணிவிடும். அவர் டியூபில் ஒரு விரல். உங்கள் மலையில் 41 அடி. விஷயம் ஒன்றுதான்.

காற்று எங்கிருந்து வருகிறது? இதில்தான் அந்தப் பாறை முதுகு மாட்டிக்கொள்கிறது. 400 மீட்டருக்கு 40 அடி என்றால், முழு வேகத்தில் ஓடும்போது பத்து மீட்டருக்கு ஓர் அடியை உராய்வு எடுத்துக்கொள்கிறது. பாறை 150-ஆவது மீட்டரில் என்றால் அதுவரை 15 அடி செலவு. ஆனால் பாறை ஊற்றைவிட ஆறேழு அடிதான் தாழ்வு. மிச்சம் எட்டடிக் கடன். அதாவது தண்ணீர் நன்றாக ஓடும்போது அந்த இடத்தில் குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். கீழே இறங்கும் தண்ணீரின் இழுப்பில்தான் மேலே உள்ளது வருகிறது. அங்கே ஜாயின்ட் தளர்ந்திருந்தால் சொட்டாது, உறிஞ்சும். ஒழுகாத ஜாயின்ட் நல்ல ஜாயின்ட் என்று பாறைமேல் மட்டும் சொல்லாதீர்கள். ஜாயின்ட் இறுக்கமாகவே இருந்தாலும் தப்பில்லை என்று ஆகாது. லிட்டர் தண்ணீரில் 15 மில்லிக்கு மேல் காற்று கரைந்திருக்கும்; அழுத்தம் குறைந்தாலோ சூடேறினாலோ வெளியே வரும். ஜன்னலோரம் வைத்த குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் உள்சுவரில் குமிழ் ஒட்டுமே, அதுதான்.

ஓடும்வரை அந்தக் குமிழ்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு அங்குலக் குழாயில் நொடிக்கு அரை மீட்டர் வேகம், அதாவது நிமிடத்துக்கு ஒரு 15 லிட்டர் வாளி இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். நீங்கள் தொட்டி நிறைந்ததும் வால்வை மூடுகிறீர்கள். பாதி வழியில் இருந்த குமிழ்கள் எல்லாம் திரும்ப ஏறி மேட்டில் ஒன்றுகூடும். வெயிலில் கிடக்கும் கறுப்பு பைப் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். ஒரு மீட்டர் குழாய் கொள்வதே அரை லிட்டர்தான், ஆகவே அரை லிட்டர் காற்றுக்கு ஒரு மீட்டர் குழாய் போச்சு. மறுநாள் திறக்கும்போது வரத்து சற்றுக் குறைவு, குறைந்த வேகம் காற்றைத் தள்ளாது, இன்னும் சேரும். நாலைந்து நாள் கணக்கு இப்படித்தான் வருகிறது. தொட்டியை மூடாமல் வழியவிட்டு, வழிவதைத் தோட்டத்துக்கோ ஓடைக்கோ திருப்பினாலே பாதி நோய் போய்விடும். செலவு பத்தடி ஓஸ்.

அப்பாவுக்கு ஒரு சேதி. வரத்து ஊசியான பிறகு அவர் ஜாயின்ட்டைக் கழற்றுவது சரி. அப்போது உராய்வு இல்லை, பாறைமேல் ஆறேழு அடி அழுத்தம் இருக்கும், காற்று புஸ்ஸென்று வெளியேறும். நன்றாக ஓடும்போது யாராவது ஆர்வத்தில் கழற்றினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடையில் "ஏர் வால்வு" வாங்கி அங்கே மாட்டினாலும், ஓடும்போது அது காற்றை வெளியேற்றப் போவதில்லை. எப்போது திறந்தாலும் முதலில் கீழே வால்வை மூடச் சொல்லுங்கள். இத்தனை வருடம் தவறாமல் பாறை ஏறியிருக்கிறார் பாருங்கள், அவருக்குக் குழாய் புரிந்திருக்கிறது.

மோட்டார் வேண்டாம். தொட்டியருகே வைத்து இழுத்தால் பாறைமேல் கடன் இன்னும் ஏறும், காற்று இன்னும் வரும். சமவெளியில் காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தூண் 10.3 மீட்டர், உங்கள் உயரத்தில் 8 மீட்டர் சொச்சம்தான். பம்ப்போடு வரும் புத்தகத்தில் அச்சிட்ட உறிஞ்சு உயரத்தை அப்படியே நம்பக் கூடாது.

ஒன்றரை அங்குலம்? உங்கள் உண்மையான கேள்வி இதுதான், எங்கோ விட்டுவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் பாதி சரி. ஒன்றரை அங்குலத்தை ஊற்றிலிருந்து பாறைவரை 150 மீட்டருக்கு மட்டும் போடுங்கள். மீதி 250 மீட்டர் ஒரு அங்குலமாகவே இருக்கட்டும். அதே வரத்துக்கு ஒன்றரை அங்குலத்தில் உராய்வு ஏழில் ஒரு பங்காகிவிடும். வரத்து கூடுவதையும் சேர்த்தால் பாறைவரை செலவு மூன்றடி. மிச்சம் மூன்றடிக்கு மேல் வரவு. மொத்த வரத்தும் கால்பங்கு கூடும். சிக்கனம் என்று கீழ்ப்பகுதியில் மட்டும் பெரிய பைப் போட்டால் வரத்து கூடி, மேலே உராய்வு கூடி, பாறைமேல் கடன் வளரும். இதைச் செய்துவிட்டுத்தான் பலர் "பெரிய பைப் போட்டும் பிரயோசனமில்லை" என்கிறார்கள்.

பாறைமேல் அழுத்தம் வரவில் நின்றபிறகு அங்கே ஒரு டீ, அதாவது மூன்று வாய் இணைப்பு வைத்து, அரை அங்குல பைப்பைப் பத்தடி உயரத்துக்கு ஒரு கம்பத்தோடு கட்டி நிமிர்த்திவிடுங்கள். அதன் உச்சி ஊற்றின் மட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வை மூடியதும் அதன் வழியே வழியும். உச்சியைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டுங்கள், தவளையும் பூச்சியும் போகாது. காற்று தானாக வெளியேறிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு மேட்டிலும் உச்சியில் ஒரு சின்னக் குழாய்த் திருகு போதும். வாரம் ஒருமுறை, கீழ் வால்வை மூடிவிட்டு, பால்போல வருவது தெளியும்வரை திறந்துவிடுங்கள். முதல் மேட்டில் தொடங்கி வரிசையாக. ஊற்றில் குழாய்வாய்க்கு மேல் ஒரு சாணாவது தண்ணீர் நிற்க வேண்டும். கோடையில் மட்டம் இறங்கிச் சுழி விழுந்தால் அதுவழியாகவும் காற்று போகும், மேலே ஒரு பலகையை மிதக்கவிட்டால் சுழி உடையும். முடிந்த இடமெல்லாம் பைப்பை ஓரடி ஆழம் புதையுங்கள், வெயிலுக்கும் காட்டெருமைக்கும் சேர்த்து. மிதிபட்டு நசுங்கிய இடம் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

இவ்வளவும் உங்கள் "ஆறேழு அடி"யை நம்பிச் சொன்னது. ஆறா, ஏழா? கண்ணளவா? 400 மீட்டரை அளந்தவருக்கு அந்த ஒன்றை அளக்கத் தோன்றவில்லை! இரண்டடிதான் என்றால் ஒன்றரை அங்குலத்திலும் கடன்தான் விழும். பாறைவரை இரண்டு அங்குலம் வேண்டும், அல்லது பாறையின் முதுகை விட்டு இடுப்பைச் சுற்றிப் பைப்பைக் கொண்டுபோக வேண்டும். கொத்தனாரிடம் டியூபை இரவல் வாங்கி, ஊற்றிலிருந்து பத்துப் பத்து மீட்டராக இறங்கி, ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தைக் குறித்துக் கூட்டுங்கள். பாறைவரை பதினைந்து முறைதான். பைப் வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. அளக்கும் முன் டியூபைச் சுண்டிவிடுங்கள்.