அண்ணன் காருக்கு என் உதவித்தொகை: மாதம் முப்பது வட்டியில் ஒரு முதல் செமஸ்டர்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் தென்னாப்பிரிக்காவில் நியூகாசல். பிப்ரவரியில் டர்பனில் பல்கலைக்கழகம் சேர்ந்து, வெஸ்ட்வில் விடுதியில் இருக்கிறேன். மாதம் 3,000 ரேண்ட் உதவித்தொகை. சாப்பாடு, டாக்ஸி, டேட்டா, பிரிண்ட் எல்லாம் சேர்த்து 2,200 ஆகிறது. பிப்ரவரிப் பணம் வரத் தாமதமானதால், புத்தகம், போர்வை வாங்க விடுதிக்குப் பக்கத்தில் ஒரு மஷோனிசாவிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், 1,000 வாங்கினேன். மாதம் நூற்றுக்கு முப்பது வட்டி. பேங்க் கார்டையும் பின் நம்பரையும் அவர்தான் வைத்திருக்கிறார். அண்ணன் போன வருஷம் புதுக் கார் எடுத்தார். தவணைக்குக் குறைகிறது என்று மார்ச் முதல் மாதம் 1,200 கேட்கிறார், அனுப்புகிறேன். துண்டு விழும்போது மறுபடி கடன் வாங்கி, இப்போது அசல் 2,000 ஆகிவிட்டது. மே மாத வட்டி 600 போய்விட்டது. ஜூலையில் எல்லாவற்றையும் திருப்பித் தருவதாக அண்ணன் சொல்கிறார். அம்மாவுக்கு வட்டி விஷயம் தெரியாது. இன்னொரு 500 வாங்கலாமா? ரூம்மேட் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வியாபாரம்) குழுவில் சேரச் சொல்கிறாள், 500 போட்டால் ஒரே மாதத்தில் இரட்டிப்பாம். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். செலவைக் குறையுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள் என்றும் நான் சொல்லப்போவதில்லை. டர்பனில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு 2,200 ஊதாரிச் செலவு இல்லை. உங்கள் சிக்கல் சாப்பாட்டுத் தட்டில் இல்லை, மாதா மாதம் நியூகாசலுக்குப் போகும் அந்த 1,200இல் இருக்கிறது.

அண்ணனுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ச்சில் 3,000 வந்ததும் வட்டி 300, உங்கள் செலவு 2,200. மீதி 500 அசலுக்குப் போயிருக்கும். ஏப்ரலில் பாக்கி 500க்கு வட்டி 150, செலவு 2,200, மிச்சம் 650. அதில் அசலை அடைத்த பிறகும் 150 ரேண்ட் கையில் நின்றிருக்கும். இரண்டே மாதத்தில், மொத்தம் 450 வட்டியோடு மஷோனிசாவின் கடன் தீர்ந்திருக்கும். நடந்தது என்ன? மார்ச்சில் 300, ஏப்ரலில் 450, மேயில் 600, ஆக 1,350 வட்டியாகவே போயிற்று. அசல் குறையவில்லை, இரட்டிப்பாகிவிட்டது.

இனி அண்ணன் காரைப் பார்ப்போம். அவர் கட்டும் தொகையை நீங்கள் எழுதவில்லை, அதனால் இந்த ஊரில் வழக்கமாக நடப்பதை வைத்துச் சொல்கிறேன். இரண்டரை லட்சம் ரேண்ட் கார், 72 மாதம், வட்டி ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்றால் தவணை ஏறக்குறைய 4,900 வரும். அது அதிகமாகத் தெரிவதால் ஷோரூமில் பலூன் போட்டுத் தருவார்கள், அதாவது விலையில் ஒரு பங்கைக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் ஏற்பாடு. விலையில் முப்பது சதவீதத்தைக் கடைசிக்குத் தள்ளினால் தவணை 4,200க்கு இறங்கும். கையெழுத்துப் போடும் நாளில் எல்லோருக்கும் சிரிப்புதான். ஆறு வருஷம் கழித்து 75,000 ரேண்டை மொத்தமாக வை என்று பேங்க் கேட்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. பலூன் போட்டுத்தான் காரே வாங்க முடிகிறது என்றால் அந்தக் கார் நமக்கு எட்டாத கார் என்று நான் பல வீடுகளில் சொல்லி, பலரின் கோபத்தையும் வாங்கியிருக்கிறேன்.

பேங்க் அண்ணனிடம் வாங்கும் வட்டி மாதம் சுமார் ஒரு சதவீதம். அந்தத் தவணை தவறாமல் இருக்க நீங்கள் வாங்கும் கடனுக்கு மாதம் முப்பது சதவீதம். அண்ணனுக்கு 1,200 போய்ச் சேர, மே மாதத்தில் மஷோனிசாவுக்கு 600 கொடுத்திருக்கிறீர்கள். அண்ணன் ஒரு தவணையைத் தாமதித்து அபராதம் கட்டியிருந்தாலும் குடும்பத்துக்கு இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது. கூடப் பிறந்தவர் கேட்டால் கொடுக்கத்தான் தோன்றும், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தது உங்கள் பணம்கூட இல்லை. உங்கள் படிப்புக்கு வந்த பணமும், அதற்குமேல் வட்டிக்காரரின் பணமும்.

"ஜூலையில் தருகிறேன்" என்பதை நம்பி உட்காராதீர்கள். அண்ணனைப் பொய்யர் என்று சொல்லவில்லை. மே மாதத்தில் தவணைக்கே தங்கையிடம் கேட்பவருக்கு ஜூலையில் மட்டும் பணம் எங்கிருந்து வரும்? நீங்களே மெல்ல மெல்ல அடைக்கலாமா என்றால் அதுவும் நடக்காது. ஜூன் பணத்தில் செலவு போக மிஞ்சுவது 800, வட்டிக்கே 600 போய்விடும், அசலில் 200தான் குறையும். இப்படிப் போனால் இரண்டாம் செமஸ்டரும் மஷோனிசாவுக்கே உழைத்த மாதிரி ஆகும்.

ஆகவே மூன்று மாதத்தில் கொடுத்த 3,600இல் 3,000ஐ இந்த மாதமே திருப்பிக் கேளுங்கள். 2,000 அசலுக்கு. மே மாதத்தில் உங்கள் கையில் நிற்பது 1,200தான், செலவோ 2,200, அந்தப் பள்ளத்தை மூட 1,000. பாக்கி 600 தங்கை கொடுத்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். தனியாக அண்ணனிடம் பேசினால் பேச்சு மாறிவிடும், அதனால் முதலில் அம்மாவிடம் முழுவதையும் சொல்லுங்கள். அம்மா திட்டுவார். ஒரு மாலை நேரத் திட்டு, மாதம் 600ஐவிட மலிவு. அண்ணன் தவணைக்குத் திணறுகிறார் என்றால், தவறிய பிறகு இல்லை, தவறுவதற்கு முன்பே அவர் பேங்க்கிடம் பேச வேண்டும். பதிவு பெற்ற கடன் ஆலோசகர் வழியாகத் தவணையை மாற்றி அமைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். நீங்கள் அதில் எங்கேயும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி கார்டைப் பற்றியதுதான். இந்த ஏற்பாடு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாணவர்களின் கார்டுகள் ரப்பர் பேண்டு போட்டு ஒரு டப்பாவில் கிடக்கும். உதவித்தொகை விழும் நாளில் ஆள் ஏடிஎம் வரை கூடவே வந்து, தன் பங்கை எண்ணிக்கொண்டு மீதியை நீட்டுவார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, கடனுக்காகக் கார்டையோ பின் நம்பரையோ பிடித்து வைப்பது குற்றம். 2016 நவம்பர் முதல், எவ்வளவு சின்னத் தொகையானாலும் வட்டிக்குக் கொடுக்கிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூட 8,000 ரேண்டுக்கு உட்பட்ட, ஆறு மாதத்துக்குள் தீரும் கடனுக்கு மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அதே ஆண்டில் அவரிடமே வாங்கும் அடுத்த கடனுக்கு 3 சதவீதம்தான். கட்டணங்கள் தனி. உங்கள் 2,000க்கு 5 சதவீதம் என்றால் 100 ரேண்ட். நீங்கள் கொடுப்பது 600.

சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக அவர் வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் அதே தெருவில் நடக்க வேண்டியவர். அம்மாவோ மாமாவோ, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். அடுத்த உதவித்தொகை விழும் முன்பே அசலைக் கொடுத்துக் கார்டை வாங்குங்கள். அன்றைக்கே பேங்க்கில் அந்தக் கார்டை ரத்து செய்து, புதுக் கார்டும் புதுப் பின் நம்பரும் எடுத்துவிடுங்கள். மிரட்டினால் வளாகப் பாதுகாப்புப் பிரிவிலும் போலீசிலும் சொல்லுங்கள்.

ஃபாரெக்ஸ் குழு! இதைப் பற்றி எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது. ஒரு மாதத்தில் இரட்டிப்பாக்கத் தெரிந்தவருக்கு உங்கள் ரூம்மேட்டின் 500 ரேண்ட் எதற்கு? இந்த நாட்டில் முதலீட்டு ஆலோசனை சொல்கிறவருக்கு நிதித்துறை ஒழுங்காணையத்தின் உரிமம் வேண்டும், அதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள். மூன்று தவணையில் உடை, செருப்பு என்று போனில் வரும் விளம்பரங்களையும் இந்த வருஷம் தொடாதீர்கள்.

ஜூனில் பரீட்சை இருக்கிறது. இந்த உதவித்தொகை அடுத்த வருஷமும் வர வேண்டுமென்றால் பாஸாக வேண்டும், அண்ணனின் கார் அதற்கு உதவாது. மாதக் கடைசியில் கை காய்ந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் கேளுங்கள். பல வளாகங்களில் உணவுப் பொட்டலம் கொடுக்கிறார்கள், கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் பட்டினி கிடக்கிறார்கள். பரீட்சை முடியும் வரை அண்ணன் பணம் பற்றி என்ன பேசுவதானாலும் அம்மாவிடம் பேசட்டும்.