வேலை தெரியும், ஆள்தான் வரவில்லை அக்கா!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஊரில் இருந்துகொண்டே இணையத்தில் வாடிக்கையாளர் பிடிப்பது எப்படி? நானும் தருமபுரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து லேபிள், பாக்கெட் டிசைன் செய்து சம்பாதிக்கிறவள்தான். அதனால் என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சிவில் டிப்ளமோ முடித்து பெங்களூரில் பிளான் போடும் ஆபீஸ் ஒன்றில் 5 வருஷம் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். லிங்க்ட்இன்னில் 4 மாதமாகத் தினமும் ஏதாவது போடுகிறேன், 900 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு வேலைகூட வரவில்லை. எங்கே தப்பு?
- வாசகர், பாலக்கோடு

தம்பி, நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். பெயருக்குக் கீழே "கடின உழைப்பாளி, புதிதாகக் கற்பதில் ஆர்வம், வாய்ப்பு தேடுகிறேன்" என்று இருக்கிறது. இதைப் படிக்கிற கான்ட்ராக்டர் உங்களிடம் எந்த வேலையைக் கொடுப்பார்? ஒரு கம்பெனியில் சேர விண்ணப்பம் போடுகிறவர் எழுதுகிற வரி அது. நீங்கள் இப்போது தொழில் செய்கிறவர். அந்த இடத்தில் 220 எழுத்து வரை எழுதலாம், அதை வீணாக்காதீர்கள். "30க்கு 40 மனைகளுக்கு வீட்டு பிளான், எலிவேஷன், ஒர்க்கிங் டிராயிங். ஓசூர், பெங்களூர் கான்ட்ராக்டர்களுக்கு." இவ்வளவு போதும். (எலிவேஷன் என்றால் வீட்டின் வெளித்தோற்றப் படம், ஒர்க்கிங் டிராயிங் என்றால் கட்டுகிறவர் பார்த்துக் கட்டும் அளவுப் படம்.) இதையே இங்கிலீஷில் போடுங்கள், பெங்களூர்க்காரர்களும் படிக்க வேண்டுமே.

30க்கு 40 என்று மட்டும் எழுதினால் மற்ற வேலை போய்விடாதா என்று பயம் வரும். போகாது. பெங்களூரில் எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் அந்த 1,200 சதுர அடி மனைதான் வரிசையாக இருக்கிறது, நீங்களும் 5 வருஷம் அதைத்தான் அதிகம் வரைந்திருப்பீர்கள். அந்த வேலையைக் கொடுத்துப் பார்த்து நம்பிக்கை வந்தவர் பிறகு கல்யாண மண்டபத்துக்கும் உங்களையே கூப்பிடுவார்.

அப்புறம் தினமும் போடுவது. காலை வணக்கம், பொன்மொழி, துபாய் கட்டடத்தின் படம்... இதில் உங்கள் கைவேலை எங்கே இருக்கிறது? அந்த 900 பேரில் பெரும்பாலும் கூடப் படித்தவர்கள், அவர்களும் வேலை தேடுகிறவர்கள். வாரத்துக்கு ஒன்று போடுங்கள், ஆனால் நீங்கள் வரைந்ததைப் போடுங்கள்.

போன மாதம் உங்கள் ஊரிலேயே ஒரு வீட்டுக்கு பிளான் போட்டதாக எழுதியிருந்தீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார், படிக்கட்டுக்கு அடியில் டாய்லெட் வேண்டும் என்று பிடிவாதம், அவர் காட்டிய இடத்தில் கட்டினால் உள்ளே நிற்கும்போது தலை இடிக்கும். நீங்கள் நடுவில் லேண்டிங் (படி திரும்புகிற சமதளம்) வைத்துப் படியைத் திருப்பி, மேலே ஏறுகிற இரண்டாவது பாகத்துக்கு அடியில் டாய்லெட்டைத் தள்ளி, உயரமான பக்கம் கதவும் தாழ்ந்த பக்கம் கோப்பையும் வருகிற மாதிரி வைத்து, நிற்கிற இடத்தில் 7 அடி கொண்டுவந்தீர்கள். இது எவ்வளவு நல்ல விஷயம்! இதை எனக்கு எழுதினீர்கள், உங்கள் பக்கத்தில் ஏன் போடவில்லை? அந்தப் பத்திரிகை, உங்கள் பிளான், படிக்கட்டின் குறுக்குவெட்டு என்று மூன்று படம், ஏன் மாற்றினேன் என்று ஆறேழு வரி. தலை இடிக்கிற டாய்லெட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிய கான்ட்ராக்டர் இதைப் பார்த்தால், உங்கள் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்வார்.

போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெயர், சர்வே எண், கல்யாணப் பத்திரிகையில் தெரிகிற விவரம் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். பழைய ஆபீசில் இருந்தபோது வரைந்ததைக் கேட்காமல் எடுத்துப் போடவே கூடாது. காட்டுவதற்குப் படம் குறைவாக இருந்தால் கிழக்கு பார்த்த 30க்கு 40 மனை ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு மூன்று விதமாக வரைந்து, மாதிரி என்று தெளிவாக எழுதிப் போடலாம். இன்னொன்று, உங்கள் பக்கத்தில் "அப்ரூவல் வாங்கித் தரப்படும்" என்று இருக்கிறது. அதற்குப் பதிவு பெற்றவரின் கையெழுத்து வேண்டும். உங்களுக்குப் பதிவு இல்லையென்றால் அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இதோடு நீங்களாகவும் போய்ப் பேச வேண்டும். கூகுள் மேப்பில் ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சின்ன பில்டர்களைத் தேடுங்கள், வாரத்துக்குப் பத்துப் பேர் போதும், ஒவ்வொருவரும் இப்போது என்ன கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். "சார், உங்கள் அத்திப்பள்ளி வீட்டின் போட்டோ பார்த்தேன், முன்பக்க எலிவேஷன் நன்றாக இருக்கிறது. நான் 30க்கு 40 வீடுகளுக்கு ஒர்க்கிங் டிராயிங் செய்கிறேன், ஒரு மாதிரி இணைத்திருக்கிறேன். உங்கள் ஆபீசில் வரைகிறவருக்கு வேலை அதிகமாக இருக்கும்போது சொல்லுங்கள்." நாலு வரிதான். ஒரே செய்தியை நூறு பேருக்குத் தள்ளிவிட்டால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

வேலை வந்ததும் பாதிப் பணம் முன்பணம், இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் தனி என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பார்ப்பதற்கு வாட்டர்மார்க் போட்ட பிடிஎஃப், முழுப் பணம் வந்தபிறகு கேட் (CAD) ஃபைல், அதாவது கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய மூல டிராயிங். பயந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் பிறகு அழுகிறார்கள்.

எனக்கு முதல் நல்ல வாடிக்கையாளர் வர ஒன்பது மாதம் ஆனது தம்பி. ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் பட்டு எழுத்து அழிந்துபோன பழைய லேபிளையும், நான் லேமினேஷன் மாற்றிச் செய்த புது லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அவர் இன்னும் என்னிடம்தான் செய்கிறார்.

ஆரி ஒர்க் பிளவுஸ் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் 6,000 பேர், லைக் நிறைய, ஆர்டர் இல்லை. பணம் கொடுத்தால் ஃபாலோயர் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? வீட்டு முகவரியைப் போட வீட்டில் சம்மதிக்கவில்லை.
- வாசகி, காவேரிப்பட்டணம்

கொடுக்காதீர்கள்மா. காசுக்கு வந்த ஃபாலோயர் யாரும் பிளவுஸ் தைக்க வரமாட்டார். உங்கள் பக்கத்தில் ஊர் பெயரே இல்லை, விலை கேட்டால் "டிஎம் பண்ணுங்க", அதாவது தனியாக மெசேஜ் அனுப்புங்கள் என்கிறீர்கள். கேட்க வருகிற பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று எழுதுங்கள். எந்த விலையிலிருந்து ஆரம்பம், கல்யாண பிளவுஸுக்கு எத்தனை நாள் வேண்டும், அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பலாமா என்பதை மேலேயே நிரந்தரமாக வையுங்கள். முகூர்த்த மாதங்களுக்கு எந்தத் தேதி வரை ஆர்டர் எடுப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே தேட ஆரம்பித்துவிடுகிறார்களே.

வீடியோவில் முடிந்த பிளவுஸை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டாமல், துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். பின்னால் நூலும் முடிச்சும் சுத்தமாக இருந்தால் மணி உதிராது, உடம்பிலும் குத்தாது என்று போட்டுப் பார்த்த பெண்களுக்குத் தெரியும், அவர்கள் கண் அங்கேதான் போகும்.

முகவரி பற்றிக் கவலை வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம், அதில் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊர்களுக்கு வேலை செய்கிறீர்கள் என்பதை மட்டும் காட்ட வசதி இருக்கிறது. பெரும்பாலும் வீடியோ எடுத்துத்தான் சரிபார்ப்பார்கள், ஃபிரேமும் ஊசியும் மணி டப்பாக்களும் தெரிகிற மாதிரி எடுங்கள். பிளவுஸ் வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. எழுதினால் தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது கூகுள் விதிக்கு விரோதம்.

ஒரு நிறுவனத்துக்கு வீடியோ எடிட்டிங் செய்து கொடுத்து 4 மாதமாகப் பணம் வரவில்லை. சண்டை போட்டால் அடுத்த வேலை தரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், ஓசூர்

பணம் தராதவரிடம் அடுத்த வேலை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? கையில் இருக்கிற வேலையை நிறுத்திவையுங்கள். எந்தத் தேதியில் எந்த வீடியோ கொடுத்தீர்கள், எவ்வளவு பாக்கி என்று பில்லோடு ஒரு மெயில் அனுப்புங்கள், போனில் பேசியது எதுவும் பிறகு உதவாது. அடுத்த வேலை எடுப்பதற்கு முன்னால் உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள், அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. அப்படிப் பதிந்த குறு, சிறு தொழில் செய்கிறவருக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த வரியை உங்கள் பில்லின் அடியில் அச்சடித்தே அனுப்புங்கள்.

டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம், முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டலாமா?
- வாசகி, அரூர்

கட்டவே கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். "பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்றாலும் போடாதீர்கள், யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் தேவையே இல்லை. ஒருவேளை இதற்குள் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.