திருடு போய்த் திரும்பிய மாருதி: முதலில் எதில் கைவைப்பது?

கேள்வி: அண்ணே, வணக்கம். அப்பா வாங்கிய மாருதி 800, 2007 மாடல். வாசலில் நின்றதை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வத்தலக்குண்டு பக்கம் கிடைத்தது. கோர்ட்டில் மனுப் போட்டு நேற்றுதான் கட்டி இழுத்து வந்தோம். பேட்டரி, ஸ்டீரியோ, ஸ்டெப்னி மூன்றும் இல்லை. சாவி போடும் இடம் உடைந்து ஒயர்கள் தொங்குகின்றன. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் என்பதால் பணம் எதுவும் வராது. ஒர்க்‌ஷாப்பில் 38,000 ரூபாய் கேட்கிறார்கள். என் கையில் இருப்பது 15,000. டிவிஎஸ் 50-ஐ நானே பிரித்து மாட்டிவிடுவேன். இதையும் நானே பார்க்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பார்க்கலாம் தம்பி. பாதிக்கு மேல் உங்கள் கையாலேயே முடியும். ஸ்டீரியோ போனதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அது இல்லாமலும் வண்டி ஓடும். திருடன் உடைத்து உள்ளேயே விட்டுப் போனதுதான் ஆபத்து.

1998-ல் என் அண்ணனின் ஆம்னி இப்படித்தான் போய்க் கிடைத்தது. ஒயரை முறுக்கி ஸ்டார்ட் செய்து நானே ஓட்டி வந்தேன். மேலூர் தாண்டி ஒரு வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் பிழைத்தேன். ஸ்டீயரிங் தண்டைப் பிடிக்க உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பூட்டு முள் உண்டு. சாவியைத் திருப்பும்போது அது பின்வாங்கி நிற்கும். பூட்டை உடைக்கிறபோது, முள்ளைத் தாங்கும் பாகமும் சேர்ந்து உடைகிறது. அப்புறம் ஒரு குலுங்கலில் எப்போது குதித்து விழும் என்று சொல்ல முடியாது.

அதனால் அந்தப் பூட்டை முழுசாகக் கழற்றிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். போல்ட்டுகளுக்குத் தலை இருக்காது. ஸ்பானர் பிடிக்கக் கூடாது என்றே மாட்டும்போது தலையை ஒடித்துவிடுவார்கள். சின்ன உளியை ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டித் தட்டித் திருப்புங்கள். அசையாவிட்டால் டிரில்லிங் மெஷின் உள்ளவரைக் கூப்பிடுங்கள். உளியில் தட்டும் அடி ஸ்டீயரிங் தண்டில் விழவே கூடாது. புதுப் பூட்டைக் கதவுப் பூட்டுகளோடு செட்டாக வாங்குங்கள், பழைய சாவி இனி எதையும் திறக்கக் கூடாது.

தொங்குகிற ஒயர்களில் இரண்டு முறுக்கிக் கிடந்தால், ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, இன்னொன்று இக்னிஷன். தனியாக, நுனி கருகிக் கிடப்பது பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குப் போவது. அதைத் தொட்டுத் தொட்டுத்தான் கிளப்பியிருப்பான். நிறத்தை நம்பாமல், கரண்ட் வந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்யுங்கள். பிறகு, சோதிக்க மாட்டிய பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் புகையும். எலி கடித்த ஒயரையும் இப்போதே தேடிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. விசாரணை முடியும் வரை வண்டி உங்களிடம் இடைக்காலமாகத்தான் இருக்கிறது. பெயிண்ட் மாற்றக் கூடாது, விற்கக் கூடாது என்று உத்தரவில் நிபந்தனை இருக்கலாம். வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். உடைந்தவற்றைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சீட்டுக்கு அடியில் உங்களுடையதல்லாத பொருள் ஏதும் இருந்தால் தொடாமல் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வெட்டவெளியில் இறக்கி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அந்தப் பெட்ரோலே வேண்டாம். எஞ்சின் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பிரேக். மழையில் நின்ற வண்டியில் பின் டிரம் ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, டிரம்மில் உள்ள இரண்டு மரைத் துளைகளிலும் போல்ட்டைச் சமமாக முறுக்கினால் தானாக வெளியே வரும். உள்ளே வீல் சிலிண்டர் கசிந்திருந்தால் புதிது போடுங்கள், பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கட்டை கொடுங்கள்.

பூட்டு, பிரேக், பேட்டரி, ஆயில் இந்த நான்குக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு மிஞ்சினால் ஸ்டெப்னி. சக்கர டிஸ்க், கண்ணாடி, சீட் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். உங்களுடையதைப் போலவே இன்னொருவர் வீட்டு வாசலிலிருந்து போனதாக அது இருக்கலாம்.

முதல் ஓட்டம் உங்கள் தெருவுக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எது மற்றதைவிட அதிகமாகக் கொதிக்கிறதோ, அந்தப் பிரேக்கை மறுபடி பிரியுங்கள்.