எட்டுக் கிலோவுக்குப் பிறகு வந்த பசி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எடை குறைத்த அனுபவத்தை நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றியது. நான்கு மாதத்தில் 8 கிலோ குறைத்தேன். முதல் இரண்டு மாதம் பெரிய கஷ்டம் தெரியவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து எப்போதும் பசிக்கிறது. காலையில் காபி மட்டும், மதியம் காய்கறி சாலட், இரவு கொஞ்சம் சாப்பாடு. எல்லாம் சேர்த்து 1,000 கலோரி வரும். பகல் முழுக்கத் தாக்குப்பிடித்துவிடுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் இனிப்பு நினைப்பு வந்துவிடுகிறது. போன வாரம் இரண்டு நாள் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் முடித்துவிட்டு அழுதேன். வேலை, குழந்தை என்று தூக்கம் ஐந்து மணி நேரம்தான். கணவர் "மனசைக் கட்டுப்படுத்து" என்கிறார். எனக்கு மன உறுதி இல்லையா அக்கா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

"முதல் இரண்டு மாதம் பெரிய கஷ்டம் தெரியவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மன உறுதி இல்லாதவர் முதல் வாரத்திலேயே விட்டிருப்பார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தவருக்கு மூன்றாவது மாதம் திடீரென்று குணம் மாறிவிடாது. மாறியிருப்பது உங்கள் உடம்பு. நீங்கள் எடை குறைத்ததால்தான் இந்தப் பசி வந்திருக்கிறது.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதற்கான மரபணுவை 1994-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். சாப்பாட்டைக் கடுமையாக வெட்டினால், கொழுப்பு கரைகிற வேகத்தைவிட லெப்டின் வேகமாக இறங்கும். நீங்கள் டயட்டில் இருப்பது மூளைக்குத் தெரியாது, பஞ்சம் வந்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் வயிற்றில் சுரக்கும் கிரெலின், பசியைத் தூண்டுகிற ஹார்மோன், எடை குறையக் குறைய ஏறும்.

2011-ல் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எடை அதிகமாக இருந்த 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. லெப்டின் இறங்கியது, கிரெலின் ஏறியது, பசி கூடியது. ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் தணிந்திருக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மன உறுதி போய்விட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொரு ஆய்வும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016-ல் வெளியிட்டது. நீரிழிவு உள்ள சிலருக்கு, உடம்பிலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். தினமும் எவ்வளவு கலோரி அப்படி வெளியே போகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. யாரும் டயட் இருக்கவும் இல்லை. அப்படியும் எடை குறையக் குறைய அவர்கள் தம்மை அறியாமலே அதிகம் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு கிலோ குறைந்தால் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்பது அந்தக் குழு போட்ட கணக்கு. அது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் உங்கள் எட்டுக் கிலோவோடு பெருக்கிப் பாருங்கள். நாளுக்கு 800 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி உங்கள் உடம்பு கேட்கிறது. நீங்களோ அதற்கு நேர் எதிராக 1,000 கலோரியில் நிற்கிறீர்கள். இரவு பத்து மணிக்குக் கை பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அந்த 1,000 கலோரியைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பட்டினிச் சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் பாதிப் பட்டினி. நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்து, நிறைய நடக்கவும் வைத்தார்கள். அந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது. அதற்கு முன் சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பிடக் கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த மாதிரியே தெரியவில்லை. அவர்களுடைய உடம்பும் உழைப்பும் வேறு, உங்களுடையது வேறு. ஆனால் இரவில் இனிப்பையே நினைத்துக்கொண்டிருப்பது பட்டினி கிடக்கிற மூளை செய்யும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அதனால் முதலில் நான் சொல்வது, இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுங்கள். எடை மெதுவாகவே குறையட்டும். மாதம் இரண்டு கிலோ குறைந்த இடத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. எவ்வளவு கூட்டலாம் என்பதை ஒரு மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பார்த்து முடிவு செய்யுங்கள். 1,000 கலோரி என்பது யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நீங்களாக இருக்க வேண்டிய அளவு இல்லை.

அந்தக் கூடுதல் சாப்பாட்டைக் காலையில் வையுங்கள். காலையில் காபி மட்டும் குடித்து மதியம் இலை தழையைச் சாப்பிட்டுப் பகலை ஓட்டுகிறவருக்கு இரவுதான் கணக்குத் தீர்க்கும் நேரம். நானும் இப்படித்தான் இருந்தேன். காலையில் சாப்பிடாமல் இருந்தால் அவ்வளவும் மிச்சம் என்று நினைத்தேன். அந்த மிச்சத்தை இரவில் இரண்டு மடங்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

காலையில் புரதம் இருக்கட்டும். முட்டையோ தயிரோ பயறு வகையோ மீனோ, உங்களுக்கு ஒத்துப்போவது எதுவானாலும் சரி. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்திவிட்டு, எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். யாரும் கட்டுப்படுத்தச் சொல்லாமலே அவர்கள் நாளுக்குச் சுமார் 440 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அப்புறம், உருளைக்கிழங்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 வகை உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் வயிற்றை நிறைத்து வைக்கிறது என்று அளந்தார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கடைசி இடம் வெண்ணெய் சேர்த்த குரோசான் ரொட்டிக்கு. தண்ணீரும் நார்ச்சத்தும் நிறைந்து, மென்று சாப்பிட வேண்டியதாக இருப்பது வயிற்றில் தங்கும். அதையே எண்ணெயில் பொரித்தால் கதை வேறு. பழமும் அப்படித்தான். சாறாகக் குடிப்பதைவிட முழுசாகக் கடித்துச் சாப்பிட்டால் பசி நன்றாக அடங்கும். உங்கள் மதிய சாலட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதோடு வேகவைத்த பயறையோ முட்டையையோ ஒரு கிழங்கையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் சாலட் கண்ணுக்கு நிறைய இருக்கும், ஒரு மணி நேரத்தில் வயிறு கிள்ள ஆரம்பித்துவிடும்.

இதுவரை சொன்னது பசி. ஆசை அதோடு ஒட்டிக்கொண்டு வருவது, ஆனால் வேறு. வித்தியாசம் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "இப்போது ஒரு வேகவைத்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?" ஆமாம் என்றால் அது பசி, அப்போது சாப்பிட வேண்டும். இரவு பதினொரு மணியானாலும் சரி. "முட்டை வேண்டாம், அந்த பிஸ்கட்தான் வேண்டும்" என்றால் அது வாய் நமநமப்பு. அது பெரும்பாலும் நேரத்தோடும் இடத்தோடும் கட்டுண்டது. குழந்தை தூங்கியாயிற்று, வேலை முடிந்தது, சோஃபாவில் சாய்ந்து ஃபோனைக் கையில் எடுத்தாயிற்று. நாள் முழுக்க உங்களுக்கென்று கிடைக்கிற ஒரே அரை மணி நேரம் அதுவாக இருக்கலாம். இத்தனை நாள் அந்த அரை மணி நேரத்தோடு இனிப்பும் சேர்ந்தே வந்திருந்தால், சோஃபாவில் உட்கார்ந்ததுமே மூளை இனிப்பை எதிர்பார்க்கும். அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். இடத்தை மட்டும் மாற்றுங்கள். வேறு அறை, வேறு நாற்காலி, கைக்கு ஏதாவது வேலை. நான் அந்த நேரத்தில் துணி மடித்தபடி பாட்டுக் கேட்டேன். பெரிய உத்தி ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு கையும் துணியில் இருந்தன.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களோடு பல வருடம் வேலை செய்த உளவியலாளர் ஆலன் மார்லட், வேட்கையை அலையோடு ஒப்பிட்டார். அது ஏறும், உச்சத்துக்குப் போகும், தானே இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல், ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். வயிறு காலியாக இருக்கும்போது இது வேலை செய்யாது என்பது என் அனுபவம். நன்றாகச் சாப்பிட்ட நாளில் கால் மணி நேரத்தில் அலை இறங்கியிருக்கிறது.

இனிப்பை அடியோடு நிறுத்தவும் சொல்ல மாட்டேன். 1975-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள் அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். நமக்கெல்லாம் தெரிந்த மனநிலைதான். "கெட்டது கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்." உங்கள் பாக்கெட்டும் அப்படித்தான் காலியாகியிருக்கும். முதல் இரண்டு பிஸ்கட் ஆசையில் போயிருக்கும், மீதி அந்த நினைப்பில். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, வயிறு நிறைந்திருக்கும்போது, பிடித்த இனிப்பில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்துச் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். என் கட்டுப்பாடுகளில் இன்றுவரை நிலைத்தது இது ஒன்றுதான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், நான் அப்படி விட மாட்டேன். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதுதான் ஆசை அதிகம் ஏறியது. இரண்டே இரவுகளில் இவ்வளவு. உங்களுக்கு எத்தனை மாதமாக இந்த ஐந்து மணி நேரம்? இதில் உங்கள் கணவருக்குத்தான் வேலை இருக்கிறது. இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மனசைக் கட்டுப்படுத்தச் சொல்வதற்குப் பதில், வாரத்தில் நான்கு நாள் காலையில் குழந்தையை அவர் பார்த்துக்கொண்டு உங்களை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டால் அது உண்மையான உதவி. பத்து மணிக்குமேல் உங்கள் முன்னால் தின்பண்டப் பாக்கெட்டைப் பிரிக்காமல் இருப்பதும் உதவிதான்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பல பெண்களுக்குப் பசி கூடும். காலண்டரில் குறித்துப் பாருங்கள். நீங்கள் பிஸ்கட் பாக்கெட்டை முடித்த அந்த இரண்டு இரவுகளும் அந்த வாரத்தில் வந்திருந்தால், அடுத்த மாதம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே கொஞ்சம் அதிகம் ஒதுக்கிவிடுங்கள்.

உங்களிடம் மறைக்க விரும்பாத ஒன்றும் இருக்கிறது. இவ்வளவும் செய்தாலும் பசி பழையபடி ஆகிவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. மெல்போர்ன் ஆய்வில் ஓராண்டு கழித்தும் அது இருந்தது. எனக்குப் பல வருடம் கழித்தும் கொஞ்சம் இருக்கிறது. பதினொரு மணி வாக்கில் வரும், ஏதாவது சாப்பிடுவேன், போய்விடும். ஆனால் உங்களுக்கு இப்போது இருப்பது போன்ற, அழ வைக்கிற பசி போய் வெகு காலம் ஆயிற்று. ஆறு மாதம் கழித்து இன்னும் எடை குறைக்க வேண்டும் என்று தோன்றாவிட்டால், இருக்கிற எடையைத் தக்கவைப்பதே போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எட்டுக் கிலோ சின்ன விஷயம் இல்லை.

நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரா வாரம் தொடர்ந்தாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கவோ மறுநாள் பட்டினி கிடக்கவோ தோன்றினாலோ, தயவுசெய்து தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது சிகிச்சை உள்ள நோய். பசி ஹார்மோன்களின் வழியாகவே வேலை செய்யும் மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. அவை உங்களுக்குத் தேவையா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. தேவைப்பட்டால், எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நாளைக் காலை காபியோடு நிறுத்திக்கொள்ளாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை கிலோ குறைந்தது என்று எழுத வேண்டாம். காலையில் சாப்பிட்ட பிறகு எத்தனை மணிக்குப் பசித்தது, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா